கடைமடைக்கு அப்பால்: வேதாரண்யம் சதுப்பில் ஒரு காலைப் பொழுது

காவேரிப் பாசனப் பிரதேசத்தில் நிலம் வைத்திருப்போர் யாவரும் மேட்டூர் அணையில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதை அறிவர். கல்லணை திறக்கப்பட்ட நாளும், தம் ஊர் வாய்க்காலுக்கு முறை வரும் நாளும் அவர்களுக்கு மனப்பாடம். ஆயினும், கடைசி வயலின் வடிமடையைத் தாண்டிய பிறகு அந்நீர் எங்கே போய்ச் சேர்கிறது, சேர்ந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதை நேரில் கண்டவர் மிகச் சிலரே. "கடலில் கலந்து வீணாகிறது" என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்து விடுவது வழக்கமாயிருக்கிறது. அது சரியன்று. கடைமடைக்கும் கடலுக்கும் இடையே ஒரு பெரிய சதுப்பு நிலம் இருக்கிறது. தஞ்சை வயல்களின் நன்மை தீமை இரண்டும் அங்கே வரவு வைக்கப்படுகின்றன. அக்கணக்கைப் பார்ப்பதற்கு ஒரு சிறு தோணியும், தனிமையும், ஒரு காலைப் பொழுதும் போதுமானவை.

இடமும் அமைப்பும்

வேதாரண்யம் என்றவுடன் திருமறைக்காட்டுக் கோயிலும், 1930-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ராஜாஜியின் தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் உப்பு அள்ளிய செய்தியும் நினைவுக்கு வருவது இயல்பு. அவ்வூரை அடுத்த அகஸ்தியம்பள்ளி உப்பளங்களைத் தாண்டியதும் தொடங்குவதே பெரிய வேதாரண்யம் சதுப்பு. கிழக்கே கோடியக்கரை முனையிலிருந்து மேற்கே அதிராம்பட்டினம் வரையில், கரையை ஒட்டிச் சுமார் 48 கிலோமீட்டர் நீளத்திற்கு இது கிடக்கிறது. தெற்கே ஒரு மணல் திட்டு இதனைப் பாக் ஜலசந்தியிலிருந்து பிரிக்கிறது. வடக்கே நெல் வயல்கள். காவேரியின் கிளைகளான கோரையாறு, பாமணியாறு, கிளைதாங்கியாறு முதலியவையும் பல வடிகால்களும் இச்சதுப்பில் வந்து முடிகின்றன.

சதுப்பின் கிழக்குப் பாகத்தில் நீர் மிகக் குறைவு. மழை ஓய்ந்த பின் பல இடங்களில் கணுக்கால் அளவே நிற்கும். கோடையில் அதுவும் வற்றி வெண்மையாக உப்புப் பூக்கும். மேற்குப் பாகத்தில், முத்துப்பேட்டைக்குத் தெற்கே, நீர் அகன்று ஒரு காயலாகத் தேங்கி, ஒரு முகத்துவாரத்தின் வழியே கடலைத் தொடுகிறது. அங்கும் பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவே ஆழம். காயலைச் சுற்றி அடர்ந்திருப்பதே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. தோணி செலுத்துவதற்கு ஏற்றது இப்பாகமே.

கோடியக்கரைக் காட்டைச் சர்க்கார் 1967-ஆம் வருஷத்தில் வன உயிரினச் சரணாலயமாக அறிவித்தனர். ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971-இல் ஈரான் தேசத்து ராம்சார் நகரில் பல நாடுகள் கூடிச் செய்த உடன்படிக்கையின் பட்டியலில், கோடியக்கரையும் இச்சதுப்பும் முத்துப்பேட்டைக் காடும் சேர்ந்த 385 சதுர கிலோமீட்டர் பரப்பு 2002-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் முதன்முதல் இடம்பெற்றது இதுவே.

தோணியும் தனிமையும்

ஒருவர் மாத்திரம் அமர்ந்து இருபுறமும் துடுப்பிட்டுச் செலுத்தும் ஒடுங்கிய தோணிக்குக் கயாக் என்று பெயர். வடதுருவக் கடலோரத்தில் வாழும் மக்கள் மரச்சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தி வேட்டைக்காகச் செய்துகொண்ட தோணி அது. இப்பொழுது பிளாஸ்டிக்கினாலும் நாரிழைகளினாலும் செய்யப்பட்டு உலகெங்கும் பரவி, நம் நாட்டுக் காயல்களிலும் கழிமுகங்களிலும் காணப்படுகிறது. மிதப்பதற்கு ஒரு சாண் ஆழமே அதற்குப் போதும். முத்துப்பேட்டை மீனவர் கழி ஊன்றிச் செலுத்தும் சிறு தோணியும் இக்காரியத்திற்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. முக்கியமானது, இயந்திரம் இல்லாமை. இயந்திரப் படகின் இரைச்சல் கால் மைல் தூரத்திலேயே பறவைகளைக் கிளப்பி விடும். துடுப்பை மெதுவாக இட்டு வருபவரை அவை மிதந்து வரும் கட்டை போலக் கருதி, அருகில் வரும் வரையில் பொறுத்திருக்கும். இருவர் சென்றால் பேச்சு எழும். தனியே செல்பவருக்கே காதும் கண்ணும் முழுமையாக வேலை செய்கின்றன.

ஐப்பசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்த பின் செல்வது உத்தமம். விடியற்காலையில் வாடைக்காற்று அடங்கியிருக்கும்; வெயில் ஏறியதும் காற்றும் ஏறும். ஆகையால் இருள் பிரியும் வேளையில் புறப்பட்டு ஒன்பது மணிக்குள் திரும்புவது நலம். பாக் ஜலசந்தியில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குக் குறைவேயாயினும், இவ்வளவு ஆழமில்லாத நீரில் அச்சிறு வேறுபாடே தோணியைச் சேற்றில் இருத்திவிடப் போதும். ஏற்றம் எப்பொழுது, வற்றம் எப்பொழுது என்பதை அவ்வூர் மீனவரிடம் கேட்டறியாமல் இறங்குவது அறிவீனம். இவ்விடங்கள் வன இலாகாவின் பொறுப்பிலுள்ளவை. முன் அனுமதி பெறாமல் எவரும் செல்லலாகாது. மிதவைச் சட்டை அணிவதும், குடிநீர் எடுத்துச் செல்வதும், போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் கரையிலுள்ள ஒருவரிடம் சொல்லிச் செல்வதும் தனியே போகிறவர் ஒருகாலும் மறக்கத் தகாதவை.

காலையில் காணப்படுவன

ஜாம்புவானோடைத் துறையிலிருந்து கோரையாற்றில் தோணி இறங்கும்பொழுது, இரவு முழுவதும் மேய்ந்த வக்காக்கள் கூட்டமாகக் காட்டிற்குத் திரும்பிக்கொண்டிருக்கும். கரையோரச் சேற்றில் அசையாமல் நிற்பது மடையான். வயல் மடையில் காவல் நிற்பதனால் குடியானவர் அதற்கிட்ட பெயர் இங்கும் பொருந்துகிறது. ஆற்றின் இருமருங்கிலும் முதலில் தில்லை மரங்கள் தென்படும். அவற்றின் பால் கண்ணில் பட்டால் பெரும் தீங்கு விளையும் என்பதால் கிளைகளை ஒடிக்கலாகாது. கடலை நெருங்க நெருங்க அலையாத்தி மரங்களே மிகுகின்றன. அவற்றைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் போன்ற வேர்கள் ஆயிரக்கணக்கில் மேல்நோக்கி நிற்கின்றன. காற்றுப் புகாத சேற்றில் வாழும் மரம் மூச்சு விடுவதற்காக மேலே அனுப்பிய வேர்கள் அவை. இலையின் மேல் உப்புத் தூள் படிந்திருப்பதை விரலால் தொட்டு அறியலாம். வேரில் தடுத்தது போக உள்ளே புகுந்த உப்பை இம்மரம் இலைவழியே வெளியே தள்ளுகிறது. வேர்களினிடையே, ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டுகளும், சேற்றின் மேல் தாவித் திரியும் சிறு மீன்களும் காணப்படும்.

ஆறு காயலில் கலக்கும் இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் நீர் விரிகிறது. கூழைக்கடாக்கள் வரிசையாக நீந்தி மீனைக் கரைப்பக்கம் விரட்டி, அலகின் கீழுள்ள பையால் முகந்து எடுக்கின்றன. நீர்க்காகங்கள் மூழ்கிப் பிடிக்கின்றன. ஆலாக்கள் மேலிருந்து அம்பு போல் பாய்கின்றன. செம்பருந்து வட்டமிட்டு, நீரின் மேல் மிதப்பதைக் கால்களால் கவ்விச் செல்கிறது. ஒரே நீரில் இத்தனை இனங்களும் ஒன்றின் பங்கை மற்றொன்று பறிக்காமல் பிழைப்பதைக் கவனித்தல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆழம் வேறு, இரை வேறு, அலகின் அமைப்பு வேறு.

நீர் வற்றும் சேற்றுத் திட்டுகளில் இவ்வேற்றுமை இன்னும் தெளிவு. குட்டை அலகுடையவை மேற்சேற்றைக் கொத்துகின்றன. நீண்ட அலகுடையவை சேற்றின் ஆழத்திலுள்ள புழுவை எட்டுகின்றன. கோணமூக்கு உள்ளான் மேல்நோக்கி வளைந்த அலகை நீரில் இப்படியும் அப்படியும் வீசுகிறது. கரண்டிவாயன் தட்டையான அலகைப் பக்கவாட்டில் துழாவிக்கொண்டு நடக்கிறது. சதுப்பின் கிழக்கே, கோடியக்கரைப் பக்கத்தில், பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்துச் சல்லடையால் சலிப்பதுபோல் நுண்ணிய பாசியையும் சிற்றுயிர்களையும் சலித்து உண்கின்றன. அவ்வுணவிலுள்ள சத்தே அவற்றின் சிறகுக்குச் செந்நிறத்தைத் தருகிறது. கட்ச் தேசத்துச் சதுப்பில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இவை, இரையுள்ள நீரைத் தேடி நெடுந்தூரம் பறப்பவை.

இத்திட்டுகளில் மேயும் கொசு உள்ளானின் எடை சுமார் 25 கிராம். சைபீரியாவின் வடகோடியில், கயாக் தோணி பிறந்த அதே வடதுருவக் குளிர் பிரதேசத்தில், ஆனி, ஆடி மாதங்களில் அது குஞ்சு பொரிக்கிறது. அங்கே பனி இறங்குமுன் புறப்பட்டு, குறுவை அறுவடையாகும் காலத்தில் நம் கரையை வந்து சேர்கிறது. சித்திரை மாதம் வாக்கில் மீண்டும் வடக்கே பறக்கிறது. இப்பயணத்திற்கு வேண்டிய கொழுப்பை அது இச்சேற்றில் மேய்ந்தே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகையால் ஒரு கூட்டத்தை வீணாகக் கலைப்பது, அதன் பயணச் செலவுக்கான பொருளைப் பறிப்பதற்குச் சமம். பறவை மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் துடுப்பை நிறுத்திவிட வேண்டும் என்பது தோணியில் செல்வோர் கைக்கொள்ள வேண்டிய முறை.

இவற்றின் போக்குவரவை அறிவதற்காக, 1883-இல் நிறுவப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் கோடியக்கரையில் பல்லாண்டுகளாகப் பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையமிட்டு விடுவித்து வருகின்றனர். முன்னாளில் கண்ட அளவில் இப்பொழுது பறவைகள் வருவதில்லை என்பது அவ்வாராய்ச்சியாளரின் முடிவு. அதற்கு அவர்கள் கூறும் காரணங்களுள், சதுப்பின் நீரளவும் உப்பளவும் மாறியது முக்கியமானதாகும்.

அலையாத்திக் காட்டின் வரலாறு

தோணியில் செல்பவர் காட்டினூடே சில இடங்களில் மரமே இல்லாத வெற்றுச் சேற்று வெளிகளைக் காண்பார். அவை இயற்கையாய் அமைந்தவை அல்ல. சென்ற நூற்றாண்டில் பல வருஷங்கள் இக்காடு பகுதி பகுதியாக அடியோடு வெட்டப்பட்டது. மீண்டும் தானாக முளைக்கும் என்பது அக்காலத்து எண்ணம். அவ்வாறு நடக்கவில்லை. நிழல் நீங்கிய சேறு வெயிலில் காய்ந்து இறுகி அமிழ்ந்து, தட்டுப் போல் பள்ளமாயிற்று. ஏற்றத்தில் புகுந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியின்றித் தேங்கி, நீர் ஆவியாக உப்பு மட்டும் மிஞ்சிற்று. அந்தக் கடும் உப்பில் அலையாத்தி விதையும் பிழைக்கவில்லை.

மீனவர்கள் மீன் பிடிப்பதற்காக வெட்டியிருந்த வாய்க்கால்களின் கரைகளில் மாத்திரம் மரங்கள் செழித்திருந்தன. ஏற்றமும் வற்றமும் தடையின்றி நடக்குமிடத்தில் மரம் வளரும் என்பது இதனால் புலனாயிற்று. 1990-க்குப் பின் வன இலாகாவும் மா. சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கிராம மக்களைச் சேர்த்துக்கொண்டு, ஒரு நடு வாய்க்காலும் அதன் இருபுறமும் சாய்வான கிளைகளுமாக, மீன் முள்ளைப் போன்ற வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, கரையில் விதை ஊன்றினர். இன்று அவ்விடங்களில் பல அடர்ந்த காடாயிருக்கின்றன. வடிகால் இல்லாத வயலில் நெற்பயிர் படும் பாட்டை அறிந்த குடியானவருக்கு இம்முறையின் நியாயத்தை விளக்க வேண்டுவதில்லை.

இக்காட்டின் பயன் என்னவென்பதை இரண்டு பேரிடர்கள் காட்டின. 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையைச் சூறையாடியபொழுது, காட்டிற்குப் பின்னால் இருந்த சிற்றூர்களில் அலையின் வேகம் தணிந்தது. 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. லட்சக்கணக்கான தென்னைகள் வேரோடு சாய்ந்தன. உப்பளங்களில் கடற்சேறு படிந்தது. கோடியக்கரைக் காட்டில் மான்களும் பறவைகளும் மாண்டன. அலையாத்திக் காடும் ஒடிந்து இலையுதிர்ந்து நின்றது. தன்மேல் விழுந்த அடியைத் தானே வாங்கிக்கொண்ட வேலி அது. வேலி ஒடிந்தால் அதனைச் செப்பனிடுவது வயலுக்குடையவனின் கடமையாகும்.

வயலுக்கும் சதுப்பிற்கும் உள்ள கணக்கு

மழைக்காலத்தில் ஆறுகளிலும் வடிகால்களிலும் வரும் நன்னீர் காயலின் உப்பைத் தணிக்கிறது. அப்பொழுதுதான் மடவை, கொடுவா, இறால் ஆகியவற்றின் குஞ்சுகள் உள்ளே புகுந்து வளர்கின்றன. அவற்றைத் தேடிப் பறவைகள் வருகின்றன. நன்னீர் குறைந்து கோடை நீண்டால், காயலின் நீர் கடலைக் காட்டிலும் உப்பாகி விடுகிறது. அவ்வுப்பு காயலோடு நிற்பதில்லை. ஆற்றில் எதிர்த்து இறங்கும் நன்னீர் இல்லாதபொழுது கடல்நீர் மேலேறி, கடைமடை வயல்களையும் கிணறுகளையும் பற்றுகிறது. குழியடிச்சான் போன்ற உப்புத் தாங்கும் நெல்லை முன்னோர் இப்பக்கத்தில் பயிரிட்டு வந்ததற்குக் காரணம் இந்த நிலையே. ஆகவே காயலில் பறவை நிறைந்திருப்பது, கடைமடையில் உப்பு கட்டுக்குள் இருப்பதன் அடையாளம். காயல் வெறிச்சென்று கிடப்பின், அந்தக் கேடு தம் வயலை நோக்கி வருகிறது என்று குடியானவர் உணர வேண்டும்.

நீரோடு நஞ்சும் இறங்குகிறது. வயலில் தெளித்த பூச்சிமருந்து மறுநாள் வடிமடை வழியே வெளியேறினால், அது முடியும் இடம் இச்சதுப்பே. சேற்றிலுள்ள புழுவும் நண்டும் இறந்தால் உள்ளானுக்கு இரையில்லை. இறால் குஞ்சு அழிந்தால் மீனவருக்குத் தொழில் இல்லை.

பறவைகளும் வயலுக்குக் கடன்பட்டு நிற்பதில்லை. உழவின்போதும் அறுவடையின்போதும் கொக்குகள் பின்தொடர்ந்து வெட்டுக்கிளிகளையும் புழுக்களையும் பொறுக்குவதை எவரும் காணலாம். நத்தைகுத்தி நாரை வயல் நத்தைகளை நீக்குகிறது. இரவில் ஆந்தை எலிகளை வேட்டையாடுகிறது. இவையாவும் கூலி கேளாமல் செய்யும் வேலைகள்.

செய்யத்தக்கவை

நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறலாம்.

முதலாவது, மருந்து தெளித்தபின்னும் உரமிட்டபின்னும் சில நாள்கள் வடிமடையைத் திறவாதிருத்தல். மருந்துப் புட்டிகளையும் தெளிப்பான்களையும் வாய்க்காலில் கழுவுதல் கூடாது.

இரண்டாவது, வடிகால்களில் வெங்காயத்தாமரையும் காட்டாமணக்கும் கரைகளில் சீமைக்கருவேலும் மண்டவொட்டாமல் ஆண்டுதோறும் மழைக்கு முன் நீக்குதல். வடிகால் அடைபட்டால் மழையில் பயிர் அழுகும். சதுப்பிற்கு நன்னீரும் போய்ச் சேராது.

மூன்றாவது, கடைமடை ரெகுலேட்டர்களின் பலகைகள் பழுதின்றி இருப்பதைக் கவனித்து, கடல்நீர் ஏறும் காலத்தில் உடனே உரிய அதிகாரிகளுக்குத் தெரிவித்தல்.

நான்காவது, நடவுக்குப் பின் வயலில் ஆங்காங்கே குறுக்குக் கட்டையுடன் கழிகள் நட்டுப் பறவைகள் அமர இடம் தருதல். அவற்றின் மேல் பகலில் கரிக்குருவியும் இரவில் ஆந்தையும் அமர்ந்து பூச்சிகளையும் எலிகளையும் பிடிக்கும். கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் கழிகளை எடுத்துவிடலாம்.

ஐந்தாவது, கண்ணியும் வலையும் வைத்துக் கொக்கு, உள்ளான், வாத்து முதலியவற்றைப் பிடித்துச் சாலையோரங்களில் விற்பதைத் தடுத்தல். நஞ்சு கலந்த தானியம் வைத்துக் கொல்வதும் அவ்வாறே. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இவை தண்டனைக்குரிய குற்றங்கள். காண்போர் வன இலாகாவுக்கு அறிவிக்க வேண்டும்.

ஆறாவது, காலில் வளையமுள்ள பறவை இறந்து கிடப்பினும் காயமுற்றுக் கிடப்பினும், வளையத்திலுள்ள எழுத்துகளையும் எண்ணையும் கண்ட இடம், தேதி ஆகியவற்றுடன் குறித்து, வன இலாகா மூலமாகவோ நேராகவோ பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குத் தெரிவித்தல். ஒரு குடியானவர் எழுதியனுப்பும் ஒரு வரி, பல்லாயிரம் மைல் பயணத்தின் மறுமுனையை நிச்சயப்படுத்தக்கூடும்.

கடைமடைக் கிராமங்களில் நிலம் உடையவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும், தை மாதத்தில் அறுவடை வேலை ஓய்ந்த ஒரு காலையில், தம் பிள்ளைகளுக்கும் சொல்லி, இச்சதுப்பை நீர்மட்டத்திலிருந்து பார்த்து வருவது நன்று. கரையில் நின்று பார்ப்பவருக்கு இது வெறும் சேறும் புதருமாகவே தோன்றும். தோணியில் இறங்கிச் சென்றவரோ, தம் வடிமடையில் விட்ட நீர் எங்கே முடிகிறது என்பதைத் தாமே கண்டறிவார். மறுமுறை மடையைத் திறக்கும்பொழுது அவர் கை சற்றுத் தயங்குமாயின், அக்காலைப் பொழுது வீண்போகவில்லை எனலாம்.